வெறும் வயிறு

இரண்டு பேருக்கும் உண்ணாமலை என்றுதான் பெயர்.
ஒருவருக்கு வயது முப்பத்தெட்டு,
மற்றவருக்கு அறுபத்தொன்று.
செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு
பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து
அடுத்தடுத்த நாற்காலியில் கை நீட்டினார்கள்.
சாம்பல் மூடிக் குழாய் இரண்டு.
ஸ்டிக்கர் இரண்டு.
ஒட்டியது நான்.

சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார்.
"கால் புண் மூணு மாசமா ஆறலை,
இந்தம்மாவுக்குத் தொண்ணூத்திரெண்டா?
மறுபடி எடும்மா."
எடுத்தேன்.
இருநூற்று எண்பத்தாறு.
அந்த எண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்,
வேறொரு தாளில்.
கரண்ட் போய் யுபிஎஸ் கீச்சிட்டது.
அது மிஷின் சத்தம்தான் என்று புரிய
கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பிரிண்டர் கோளாறுன்னு சொல்லிடு பூங்கோதை,"
என்றார் முதலாளி, கெட்ட மனுசர் இல்லை.
அன்று ராத்திரி முழுக்க
நான் பிரிண்டராக இருந்து பார்த்தேன்.

புதுவயலில் எங்கள் மாடிக்கு
அரிசி ஆலைக் கரி பறந்து வரும்.
துவைத்துப் போட்ட வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருக்கும்.
உதறினால் போய்விடும், தேய்த்தால் அப்பிக்கொள்ளும்.
இது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
விடிய விடியத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று முறை எழுந்துபோய்
கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன்.
மூடித்தான் இருந்தது.
மூடியிருந்தது போதவில்லை.

ஞாயிறு காலை கோட்டையூர்.
சின்ன உண்ணாமலை கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றே கேட்டார்.
உங்களுக்குச் சர்க்கரை இல்லை,
தப்பு என்னுடையது, பிரிண்டர் இல்லை என்றேன்.
பிரிண்டரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நாலு நாளாக நோட்டில் கணக்கு எழுதினாராம்.
மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க இத்தனை வருசம்,
காலேஜுக்கு இத்தனை,
அதற்குள் கிட்னி, அதற்குள் கண்.
உள்ளே போனார்.
காபியோடு திரும்பினார்.
என் கண் முன்னால் சீனி போட்டார், ஒரு கரண்டி,
இன்னொன்று, இன்னொன்று,
நின்றபடியே குடித்து முடித்தார்.
எனக்குத் தரவில்லை.
"சரி," என்றார். கதவு சாத்தியது.

செக்காலையில் பெரிய உண்ணாமலை ஆச்சி
சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.
"அதான பாத்தேன்!
தம்பி மக கலியாணம்டி, நாலு நாளும்
கும்மாயம், கவுனரிசி, ஒண்ணு விடலை.
நல்ல சமயத்துலதான் மாத்தி ஒட்டியிருக்கே."
ஸ்டூல் மேல் அவர் கால்.
கட்டுத்துணியில் புது ஈரம்,
பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையூர்க் கோபத்தைப்
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
இந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்றுதான்
இன்னும் தெரியவில்லை.

கண்டனூர் தாண்டும்போது பசித்தது.
சனி மத்தியானத்திலிருந்து
நானும் ஒரு உண்ணாமலைதான் என்று
அப்போதுதான் உறைத்தது.
வீட்டில் பழைய சோறு இருந்தது.
உப்புப் போட மறந்து சாப்பிட்டேன்.
கேஸை இரண்டு முறை பார்த்தேன்.

திங்கள் காலை ஏழு மணி.
நாற்காலியில் லுங்கி கட்டிய ஒருவர்,
சந்தைக்குப் போகிற அவசரம்.
ஊசி இன்னும் உறையில்.
என் விரல் லேசாக ஆடுவதை அவர் பார்த்துவிட்டார்,
நானும் மறைக்கவில்லை.
பேர் சொல்லுங்க.
"சோலையப்பன்."
வயசு?
"அம்பத்தி நாலு."
அப்பா பேர்?
"நாச்சியப்பன். எதுக்கு?"
ஸ்டிக்கரை அவர் பக்கம் திருப்பினேன், வாசிச்சுச் சொல்லுங்க.
"ஏம்மா, ஒருக்காச் சொன்னாப் பத்தாதா?"

பத்தாதுண்ணே.